மஞ்சளுக்குக் கீழே இருந்த வரி

இனியா,

கல்யாணப் பத்திரிகை மாதிரியைப் படமெடுத்து அனுப்பி, "அம்மா, மணமகனின் பெற்றோர்னு ஒரு இடம் இருக்குல, அங்க யார் பேரு போடறது? பிரிண்டர் கேக்குறாரு" என்று நீ வாட்ஸ்அப்பில் கேட்டு நாலைந்து நாள் ஆகிறது. நீல டிக் விழுந்ததைப் பார்த்திருப்பாய். படித்துவிட்டுப் பதில் போடாமல் இருக்கிறாளே என்று கோபமும் வந்திருக்கும். நான் பதில் போடாத ஆளா? "சாப்ட்டேன்" என்று நீ அனுப்பினால், என்ன சாப்பிட்டாய், யாரோடு சாப்பிட்டாய், காய்கறி இருந்ததா என்று அடுக்கடுக்காகக் கேட்கிறவள். இதற்கு மட்டும் விரல் ஓடவில்லை. உன் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "முரளி பேரும் வாசுகி பேரும் போடச் சொல்லு. பெத்தவங்க பேருதான போடணும்" என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகிறவர் மாதிரி எழுந்து சமையலறைக்குள் போனார். வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ என் தங்கை வாசுகியின் மகன். உன்னைப் பெற்ற முரளி, நீ பாலர் பள்ளியில் படிக்கும்போதே மாரடைப்பில் போனான். பிறகு வாசுகியும் நோயில் படுத்து, உன் ஒன்பதாவது வயதில் போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் நீ இங்கே சிங்கப்பூரிலேயே, புக்கிட் மேராவில் எங்கள் வீட்டுக்கு வந்தாய். இதெல்லாம் உனக்குத் தெரியும். நீ எங்களிடம் இருப்பதா, சென்னைக்குப் போவதா என்று ஒரு வழக்கு நடந்ததே, அது உனக்குத் தெரியாது. விளையாட்டுப் பலகையை விரித்து வைத்து உன்னோடு பேசிக்கொண்டிருந்த ஓர் ஆன்ட்டியை நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடத்து ஆள் என்று உன்னிடம் சொல்லியிருந்தோம், உண்மையில் கோர்ட் அனுப்பியவர். வழக்கு கடைசியில் ஒரு தாளின் அடிவரியில் வந்து நின்றது. வாசுகி எழுதிய வரி என்று நாங்கள் சொன்னோம். நீங்களே எழுதிச் சேர்த்தது என்று அவர்கள் சொன்னார்கள். ஒரு துளி ஒளி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னது. இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. பஸ் ஓட்டிக்கொண்டு போகும்போது சிவப்பு விளக்கில் நிற்கிற நேரம், சில நாள் அந்த ஞாபகம் வந்து, பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுப்பேன்.

முதலில் உன் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவளுக்கு மஞ்சள் பைத்தியம். புதிதாக எந்தத் தாள் கைக்கு வந்தாலும், பூஜை அலமாரியில் இருக்கும் மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் ஒரு பொட்டு வைத்துவிடுவாள். நம் ஆட்கள் பத்திரிகைக்கும் பத்திரத்துக்கும் வைப்பதுதான். இவள் வேலைக்கான கடிதம், வீட்டு ஒப்பந்தம், உன் நீச்சல் சான்றிதழ், ஊசி போட்ட அட்டை என்று ஒன்றையும் விடமாட்டாள். உன் பாஸ்போர்ட்டுக்குப் போனபோது, இது என்ன கறை என்று அதிகாரி பிறப்புச் சான்றிதழைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். எனக்கு மானம் போனது. முரளி இறந்தபின் சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்து, இனி மஞ்சள் குங்குமம் தொடாதே என்று அவளுக்குச் சொன்னார்கள். அடுத்த மாதம் உன் பள்ளி ரிப்போர்ட் புத்தகத்தின் மூலையில் மஞ்சளைப் பார்த்துவிட்டு, "ஏய், உனக்குத்தான் வேணாம்னாங்களே" என்றேன். "என் மூஞ்சிக்குத்தான வேணாம்னாங்க. எம்புள்ள ரிப்போர்ட் புக்குக்கு வேணாம்னு சொல்ல இவங்க யாருக்கா?" என்றாள். அவள் அப்படித்தான். சண்டை போடமாட்டாள், நினைத்ததைச் செய்துவிடுவாள்.

அவளை எரித்த மறுநாள், உன் பள்ளிச் சீருடையை எடுத்துவர அப்பா அவள் வீட்டுக்குப் போனார். சீருடை அடுக்குக்குள் மடித்த தாள் ஒன்று. மேலே "அக்காவுக்கு" என்று எழுதியிருந்தது. பிரிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அப்படியே துவாஸ் கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போய்விட்டு, சாயங்காலம் என்னிடம் கொடுத்தார். நான் அறைக்குள் போய்ப் படித்தேன். படித்ததும் அழுகை வந்துவிட்டது, அவரிடம் மறுநாள்தான் காட்டினேன். ஒரு பக்கம் முழுக்க உன்னைப் பற்றி. யார் உன்னைப் பார்த்துக்கொண்டாலும் தெரிந்துகொள்ள வேண்டியது என்று ஆரம்பித்திருந்தாள். இறால் ஆகாது. இருமல் வந்தால் உடனே டாக்டரிடம் போகவும். கூட்டமான லிஃப்டில் பயப்படுவான், படிக்கட்டில் கூட்டிப் போகவும். அப்பா படத்தை அவன் மேசையிலிருந்து எடுக்கவேண்டாம். எழுத்து நடுங்கி நடுங்கிப் போயிருந்தது. அடியில் இடமே இல்லாத இடத்தில், வலது மூலை வரைக்கும் இழுத்து ஒரு வரி: இனியன் இனிமேல் அக்கா மாமாவின் பிள்ளையாக இருக்கட்டும். அந்த வரி மட்டும் வேறு பேனா. உற்றுப் பார்த்தால் நீலத்தில் ஒரு சின்ன வித்தியாசம் தெரியும். நாலு மூலையிலும் மஞ்சள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு உன் சென்னைப் பெரியப்பா வந்தார். முரளிக்கு அண்ணன், சுந்தரம். உன்னைத் தன்னோடு கூட்டிப் போவதாகவே நினைத்து வந்திருக்கிறார். அவர் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. "எந்தம்பி போயிட்டான்மா. அவன் புள்ள ஒருத்தன்தான் எங்களுக்கு மிச்சம்" என்றார். நான் தாளைக் காட்டினேன். வங்கியில் காசோலை பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். "மேல எழுதினது ஒரு பேனா. கடைசி வரி வேற பேனா. இது என்னம்மா?" என்றார். நான் அவசரமாகத் தாளை வாங்கி மடித்தேன். அதை அவர் வேறுமாதிரி எடுத்துக்கொண்டார். ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே வக்கீல் வைத்தார்.

வழக்கு என்றதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? தாளை எடுத்துக்கொண்டு ஜாலான் புசாரில் காதர் பாய் கடைக்கு ஓடினேன், லேமினேட் செய்ய! நம் வீடுகளில் முக்கியமான தாள் என்றால் கை அங்கேதானே போகும். உன் ஆறாம் வகுப்பு பிஎஸ்எல்இ பரீட்சை முடிவைக்கூடக் கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்திருக்கிறேன். காதர் பாய் கையை விரித்தார். "மெஷின் ஸ்பாயில் லா, அக்கா. ரோலர் போச்சு. நாளைக்கு வாங்க, ஃபர்ஸ்ட் உங்களுதுதான்." முறைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் எங்கள் வக்கீல் அழைத்து அசல் தாளைக் கொண்டுவரச் சொன்னார். லேமினேட் செய்யப் போனேன் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். மனுஷி போனிலேயே அலறிவிட்டார். அந்தச் சூட்டில் மை இளகியிருக்கும், மூலையில் இருந்ததெல்லாம் நசுங்கிப் பிளாஸ்டிக்கோடு ஒட்டியிருக்கும், பிறகு யாராலும் ஒன்றும் பார்க்க முடியாது. அந்தக் கெட்டுப்போன ரோலருக்கு நான் கோயில் கட்டியிருக்க வேண்டும்.

இனி சொல்லப் போவதை மீராவைக் கட்டிக்கொண்டு வாழப் போகிற நீ காது கொடுத்துக் கேள். அந்த வாரங்களில் நானும் உன் அப்பாவும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. துக்கம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எனக்குள் ஒரு பூச்சி அரித்துக்கொண்டிருந்தது. தாள் ஒரு பகல் முழுக்க அவர் சட்டைப்பையில் இருந்தது. அவர் வேலை என்ன? கப்பல் பட்டறையில் கப்பலின் பக்கவாட்டில் பெயர் எழுதுகிற வேலை. எந்த மொழி எழுத்தைக் கொடுத்தாலும் அச்சு அசலாக வரைந்துவிடுவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரையெல்லாம் சுற்றிய மனுஷன். அந்த ஆசையில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டாரோ? கேட்க வாய் வரவில்லை. கேட்டு, ஆமாம் என்றுவிட்டால்? அவரை எதிர்த்துச் சாட்சி சொல்ல என்னால் ஆகுமா? அதனால் கேட்காமல் மீன் குழம்பு வைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அவரும் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். நீ அப்படி இருக்காதே, கண்ணு. சந்தேகம் வந்தால் அன்றைக்கே கேட்டுவிடு. சண்டை வந்தால் வரட்டும்.

கையெழுத்து நிபுணர் ஒருவர் பார்த்தார். நோயாளியின் நடுங்கிய எழுத்து, உறுதியாகச் சொல்ல முடியாது என்றுவிட்டார். பிறகுதான் இரண்டு தரப்பு வக்கீல்களும் ஒத்துக்கொண்டு, ஒரு தனியார் ஆய்வகத்தில் டாக்டர் கோ என்ற அம்மாளிடம் தாளை ஒப்படைத்தார்கள். ராமன் சோதனை செய்வார்கள் என்று வக்கீல் சொன்னதும் உன் அப்பா, "யாரு ராமன், நம்ம ஆளா? போன் போட்டுப் பேசலாமா?" என்று கேட்டார். அந்தக் கவலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சோதனையின் பெயரே அதுதான். முன்பெல்லாம் மையைச் சோதிக்க எழுத்திலிருந்தே ஊசிமுனை அளவு துளைத்து எடுத்துக் கரைத்துப் பார்ப்பார்களாம். இதில் வெட்டும் இல்லை, கரைப்பும் இல்லை. நுண்ணோக்கியின் அடியில் தாளை வைத்து, ஒளியை மட்டும் எழுத்தின் மேல் விடுவார்கள். வாசுகி தொட்ட தாள் சேதமாகாமல் திரும்பி வரும் என்று கேட்டதே எனக்கு அப்போது பெரிய ஆறுதல்.

அறிக்கையை விளக்க எல்லாரையும் ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் நாங்கள், எதிரே பெரியப்பா, நடுவில் மடிக்கணினியோடு டாக்டர் கோ. சின்ன உருவம், மெல்லிய குரல். ஆங்கிலத்தில்தான் பேசினார், எனக்குப் புரிந்ததை நான் தமிழில் சொல்கிறேன். லேசர் ஒளி ஒரு பொருளின் மேல் பட்டால், ஏறக்குறைய எல்லாமே போன நிறத்திலேயே சிதறித் திரும்புமாம். மிக மிகக் கொஞ்சம், இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குக் கொஞ்சம் மட்டும், நிறம் சற்று மாறித் திரும்பும். ஏன் மாறுகிறது? அந்தப் பொருளின் மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை, எந்நேரமும் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒளி அந்த அதிர்வைத் தொட்டுவிட்டு வருகிறது. ஒவ்வொரு பொருளும் தனக்கென்று ஒரு விதமாக அதிரும், ஆகவே நிறமும் தனக்கென்று ஒரு விதமாக மாறும். திரையில் மேடு பள்ளமாக ஒரு கோடு வரும். அதைப் பார்த்து இது இன்ன சாயம் என்று சொல்லிவிடலாம். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பேனாவை மூடி மேசை அறைக்குள் போட்டுவிடுகிறோம். எழுதினவளே போய்விட்டாள். அவள் எழுதின மை மட்டும் தாளில் கிடந்து அதிர்ந்துகொண்டே இருக்கிறது. கேட்கிறவர்களுக்குப் பதிலும் சொல்கிறது. அடேயப்பா!

பிறகு முடிவுகளுக்கு வந்தார். மேலே உள்ளது சாதாரண பால்பாயின்ட் மை. கடைசி வரி ஜெல் பேனா மை. இரண்டும் நிச்சயமாக வேறு வேறு. திரையில் இரண்டு கோடுகள், ஒன்றின் மேட்டுக்கு மற்றொன்றில் பள்ளம். பெரியப்பா மெதுவாகத் தலையசைத்தார். அடுத்தது அதைவிட மோசம். வாசுகி வீட்டிலிருந்தும் உன்னிடமிருந்தும் எடுத்துக் கொடுத்த பேனாக்களையும் அவர் சோதித்திருந்தார். உன் பென்சில் பெட்டியில் இருந்த முயல் பொம்மை போட்ட ஜெல் பேனாவின் மை, கடைசி வரியின் மையோடு ஒத்துப்போனது. "அதே பேனா என்று சொல்லமாட்டேன். அதே வகை மை, அவ்வளவுதான். அந்த வகைப் பேனா கடைகளில் நிறைய இருக்கிறது" என்றார். பெரியப்பாவின் வக்கீல் பாய்ந்து கேட்டார்: "அந்தப் பென்சில் பெட்டி சிறுவனின் தாயார் இறந்தபின் யார் வீட்டில் இருந்தது?" எங்கள் வீட்டில்தான். வேறெங்கே? நான் உன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது.

"எப்போது எழுதியது என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டார்கள். "முடியாது." "யார் எழுதியது?" "தெரியாது. என் கருவிக்கும் தெரியாது." அந்த அம்மாள் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே! கூச்சமும் இல்லை, குழைவும் இல்லை. தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவில் கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றார். நீயும் அப்படி இருந்தால் போதும், வேறு படிப்பே வேண்டாம். பிறகு மூன்றாவது ஒன்று இருக்கிறது என்றார். "மூலைகளில் மஞ்சள் கறை இருந்தது. எழுத்தை அழிக்க ஏதோ ரசாயனம் போட்டிருக்கிறார்கள் என்றே முதலில் நினைத்தேன். பச்சை ஒளியை விட்டால் கறை தானாகவே பளீரென்று ஒளிவிட்டது. அந்தப் பிரகாசத்தில் மையின் குரலே எடுபடவில்லை. ஆகவே கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஆழ்ந்த சிவப்பு ஒளிக்கு மாறினேன். கறை அடங்கியது. அப்போதுதான் அது என்ன என்று தெரிந்தது. குன்யிட். சமையல் மஞ்சள்." வக்கீல்கள் இருவரும் சிரித்தார்கள். யாரோ கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டே எழுதியிருக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார்.

டாக்டர் கோ சிரிக்கவில்லை. வலது கீழ் மூலையைப் பெரிதாக்கிக் காட்டினார். கடைசி வரியின் கடைசிச் சொல் மஞ்சள் பொட்டுக்குள் போய் முடிந்திருந்தது. நீல ஆறு மாதிரி மை. அதன் மேல் அங்கங்கே மஞ்சள் துகள்கள். ஒவ்வொரு புள்ளியாக ஒளியை வைத்துப் பார்த்திருக்கிறார். துகளின் மேல் வைத்தால் மஞ்சள். துகள் உதிர்ந்த இடத்தில் வைத்தால் அடியில் மை, அறுபடாமல். "ஒரு துகளின் தலையிலும் மை இல்லை. மஞ்சள் காய்ந்த பிறகு எழுதியிருந்தால் பேனாமுனை துகள்களைத் தள்ளிக்கொண்டு போயிருக்கும், மை அவற்றின் மேல் ஏறியிருக்கும். இங்கே வரி முதலில் வந்தது. மஞ்சள் அதன் பிறகு. இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்." வக்கீல்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதனால் என்ன என்பது மாதிரி ஒரு பார்வை. எங்கள் வக்கீலுக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா முன்னால் சாய்ந்தார்.

"மேடம், ஆர் யூ ஷ்யூர்? மஞ்சள் மேலயா?"

"மேலேதான். படமே இருக்கிறது."

பெரியப்பா நாற்காலியில் அப்படியே பின்னால் போனார். அப்புறம் என்னைப் பார்த்துத் தமிழில், அந்த அறையில் வேறு யாருமே இல்லாத மாதிரி பேசினார். "பதினாறு அன்னிக்கு நீ காட்டினப்பவே மூலையில மஞ்சள் இருந்துச்சு. நான் பாத்தேன். சாவு வீட்ல எவம்மா மஞ்சளைத் தொடுவா? பூஜை அலமாரியையே துணி போட்டு மூடியில்ல வெச்சிருந்தீங்க. அப்போ அது வாசுகி வெச்சது. வரியை எழுதிட்டு, அவளே வெச்சிருக்கா." தலையைக் குனிந்துகொண்டார். "மஞ்சளைத் தொடாதேன்னு அவகிட்ட சொன்ன கூட்டத்துல நானும் உக்காந்திருந்தேன்மா." அவருடைய வக்கீல் என்ன என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார். "நத்திங். வீ ஆர் வித்ட்ராயிங்" என்றார் பெரியப்பா. எழுந்து வந்து உன் அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பையன நல்லாப் பாத்துக்குங்க, மணியம். லீவுக்கு அனுப்புங்க." அவ்வளவுதான் சொன்னார். உன்னைக் கூட்டிப் போகத்தான் அவர் கடல் தாண்டி வந்தது. வக்கீலுக்குக்கூடப் புரியாததைத் தானே புரிந்துகொண்டு, தனக்கு எதிராகத் தானே சொல்லிவிட்டுப் போனார். அவர் சும்மா இருந்திருந்தால் நான்தான் சொல்லவேண்டியிருந்திருக்கும். நான் சொன்னால் யார் நம்பியிருப்பார்கள்?

எனக்கு அந்த அறையில் அழுகை வரவில்லை, பிரமிப்புதான் வந்தது. அந்தப் பேனா உன் பேனாவாகத்தான் இருக்கும் என்று நான் நம்புகிறேன். டாக்டர் கோ சொல்லமாட்டார், நான் சொல்வேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்திருப்பாய். யாரிடம் விடுவது என்று தெரியாமலே பக்கம் முழுக்க எழுதி வைத்தவள், ஒருநாள் உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தீர்மானம் பண்ணி, கைக்கு எட்டிய பேனாவை எடுத்து எழுதியிருக்கிறாள். பிள்ளை இல்லாத எங்கள் வீட்டில் ஒரு பிள்ளையை இறக்கி வைப்பது அவ்வளவு சுலபமில்லை என்று தயங்கியிருப்பாள். முன்னமே என்னிடம் கேட்டிருக்கலாமே, பைத்தியக்காரி. நான் ஓடிவந்து வாங்கியிருப்பேனே. எழுதி முடித்து மஞ்சளை வைத்தபோது அவளுக்குச் சட்டமும் தெரியாது, லேசரும் தெரியாது. பிள்ளை நன்றாக இருக்கவேண்டும் என்று மட்டும்தான் தெரியும்.

கீழே இறங்கிக் காப்பிக்கடையில் உட்கார்ந்தோம். உன் அப்பா பாலில்லாத டீ, தே ஓ, வாங்கிவந்து வைத்தார். "அப்போ நீ எழுதலையா?" என்றார்.

"என்னது?"

"அந்த வரியை. நீதான் எழுதிட்டேன்னு நெனச்சேன். ராத்திரி பூரா ஒங்கிட்டதான இருந்துச்சு. ஒந்தங்கச்சி எழுத்தும் ஒன் எழுத்தும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும்."

"ஐயோ, நான் நீங்கன்னு நெனச்சேன்! கப்பல்ல பேரு எழுதுற ஆளாச்சே!"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருக்கும்போது எனக்கு அழுகையாக மாறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான்தான் எழுதினேன்னு கண்டுபிடிச்சிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டேன். அவர் கரண்டியால் தே ஓவைக் கலக்கிக்கொண்டே சொன்னார்: "போலின்னு சொன்னா, நான்தான் எழுதினேன்னு எந்திரிச்சிச் சொல்லிடலாம்னு இருந்தேன். நம்புவாங்கல்ல. நீ ஜெயிலுக்குப் போகாம வெளிய இருந்தாத்தான் அவனை எப்பவாச்சும் போய்ப் பாக்க முடியும்." சர்வசாதாரணமாகச் சொன்னார், லாண்டரி எடுத்துவருகிறேன் என்கிற மாதிரி. ஒளியை அனுப்பி மையைச் சோதிக்கிறார்கள். பல வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இந்த மனுஷனுக்குள் இருந்தது எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை நான் அதை உன்னிடம் சொல்லவில்லை. அவர் சொல்லக்கூடாது என்றார். இப்போது சொல்லிவிட்டேன், திட்டினால் திட்டட்டும்.

நீ எங்களை முதலில் பெரியம்மா, பெரியப்பா என்றுதான் கூப்பிட்டாய். நாங்களும் மாற்றச் சொல்லவில்லை. உயர்நிலை முதலாம் வருஷம் ஒரு மத்தியானம், என் பஸ்ஸில் உன் கூட்டாளிகளோடு ஏறினாய். தெரியாத மாதிரி பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாய் என்று நினைத்தேன், அந்த வயசு அப்படி. நீ அட்டையைத் தட்டிவிட்டு, "டேய், இதுதான் எங்கம்மா. சத்தம் போட்டா இறக்கி விட்ருவாங்க" என்றாய். கண்ணாடியில் உன்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டியதில் ஒரு நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேன். ஒரு சீனக் கிழவி என்னைக் கன்னாபின்னாவென்று திட்டினாள். திட்டட்டும் என்று இருந்தேன்.

சரி, உன் பிரிண்டர் காத்திருக்கிறார். எழுதிக்கொள். பத்திரிகையில் அழைப்பவர் என்று மேலே சென்னைப் பெரியப்பா பெயர் இருக்கட்டும். குடும்பத்துக்கு மூத்தவர் அவர்தான், நீயே போன் பண்ணிக் கேள், மாட்டேன் என்று சொல்லமாட்டார். மணமகனின் பெற்றோர் என்கிற இடத்தில் முதலில் முரளி, வாசுகி. அவர்கள் பெயருக்கு முன்னால் தெய்வத்திரு என்று போடுவார்கள், போடட்டும். அடுத்து, அதே அளவு எழுத்தில், உன் அப்பா பெயர், மணியம். வேண்டாம் என்பார். அவர் பேச்சைக் கேட்காதே. பக்கத்தில் என் பெயர். நாலு பேருக்கு இடமில்லை என்று பிரிண்டர் சொன்னால் பூவையும் பிள்ளையாரையும் சின்னதாக்கச் சொல். மீரா வீட்டில் யாராவது இது என்ன கணக்கு என்று கேட்டால் என்னிடம் அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சொல்லிவிட்டேன். எங்கள் பெயருக்கு முன்னால் வளர்ப்பு என்று ஒரு சொல் வந்தது, நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன்.

அம்மா